கேம் வீடியோவின் எடையைக் குறைப்பது எப்படி? தங்கச்சிமடம் தம்பிக்கு ஒரு பதில்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப்பில் கார் ரேஸ் ஆடுகிறார். அதில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. போனில் பத்து நிமிடம் ரெக்கார்ட் செய்தால் ஃபைல் ஒன்றரை ஜிபி வருகிறது. ஒரு நாளைக்குக் கிடைக்கும் டேட்டாவே 2 ஜிபிதான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் குழைந்த சோறு மாதிரி ஆகிவிடுகிறது. யூடியூபில் ஏற்றினாலும் புல்வெளி எல்லாம் பச்சைச் சாயம் கரைத்து ஊற்றியது போலத் தெரிகிறது. "தரம் குறையாமல் சைஸ் மட்டும் குறைய என்ன சாஃப்ட்வேர் போட வேண்டும்?"

தம்பி, அப்படி ஒரு சாஃப்ட்வேர் இல்லை. இருப்பதாக விளம்பரம் செய்கிறவற்றை இன்ஸ்டால் செய்யாதீர்கள். ஆனால் உங்கள் ஒன்றரை ஜிபியை 400 எம்பிக்குள் கொண்டுவந்து, பார்க்கிறவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் செய்யலாம். அதற்கு வழி இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நான் உச்சிப்புளியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், கல்யாண வீடியோதான் தொழில். இந்தக் கரையில் வீடியோவின் எடையைக் குறைப்பது புது வேலை அல்ல. கீழக்கரையிலோ பெரியபட்டினத்திலோ கல்யாணம் நடக்கும், மாப்பிள்ளையின் அண்ணன் துபாயில் இருப்பார், அவருக்கு அனுப்பியாக வேண்டும். விசிடி காலத்தில் படத்துக்கு விநாடிக்கு 1,150 கிலோபிட்தான், 352-க்கு 288 புள்ளிதான், ஒரு சிடியில் 74 நிமிடம்தான். மூன்று மணி நேரக் கல்யாணத்துக்கு மூன்று சிடி. பூ தூவும் இடம் வந்தால் போதும், படம் முழுக்கக் கட்டம் கட்டமாக உடையும். "என்ன அண்ணே, மணமக்கள் மேல டைல்ஸ் ஒட்டியிருக்கு?" என்று ஒருவர் கேட்டார். உங்கள் புல்வெளிக்கும் அந்தப் பூவுக்கும் ஒரே நோய்தான். அதனால்தான் என் அக்கா மகன் கேம் ஆட ஆரம்பித்து, அவனுடைய ரெக்கார்டிங்கை என் கடைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்து கொட்டியபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஃபைலின் எடையை நிர்ணயிப்பவை இரண்டு: ஒரு விநாடிக்கு எத்தனை பிட் செலவாகிறது, மொத்தம் எத்தனை விநாடி. முதலாவதுக்குப் பெயர் பிட்ரேட். பத்து நிமிடம் என்றால் 600 விநாடி. அதை விநாடிக்கு 20 மெகாபிட்டால் பெருக்கினால் 12,000 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட், எட்டால் வகுத்தால் 1,500 எம்பி. உங்கள் ஒன்றரை ஜிபி வந்த வழி இதுதான். உங்கள் போன் சுமார் 20 எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 20 மெகாபிட்) பதிவு செய்கிறது என்பதை நீங்கள் சொல்லாமலே நான் சொல்ல முடிந்தது இந்தக் கணக்கால்தான். இந்த ஒரு பெருக்கலும் வகுத்தலும் கைக்கு வந்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இன்னொன்று. உங்கள் ஃபைல் "சுருக்காத" ஃபைல் அல்ல. 1080பி வீடியோவில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஓடும் படத்தின் ஒரு தனிப் படத்துக்கு, 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட் என்று வைத்தால் ஒரு ஃபிரேம் 6 எம்பிக்கு மேல். விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் 373 எம்பி. பத்து நிமிடத்துக்கு 220 ஜிபியைத் தாண்டும். ஆக, போனே அதை நூறு மடங்குக்கு மேல் சுருக்கித்தான் உங்களிடம் கொடுத்திருக்கிறது. அதை ஜிப் செய்து அனுப்பப் பார்த்தேன், குறையவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குறையாது. கருவாட்டு மூட்டையை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் எடை குறையுமா? அதில் இருந்த தண்ணீர் எப்போதோ போய்விட்டது.

கருவாடு என்ற உதாரணத்தை விட்டுவிடாதீர்கள், கடைசி வரை உதவும். ஐஸ் பெட்டியில் வைத்த மீன் திரும்ப எடுத்தால் மீனாகவே இருக்கும். ஆனால் வீடியோ சுருக்கம் ஐஸ் பெட்டி இல்லை, உப்புப் போட்டுக் காய வைப்பது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாததைப் பார்த்துப் பார்த்து எடுத்து வீசுகிறது. வீசியது வீசியதுதான். கருவாடு மீன் ஆகாது என்று சும்மாவா சொன்னார்கள். 720பியில் எடுத்ததை அப்புறம் 4கே ஆக்கினால் பெரிய கருவாடு கிடைக்கும், அவ்வளவுதான்.

சரி, எதை வீசுகிறது? பாம்பன் ரோட்டுப் பாலத்தில் நின்று, 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தைப் போனில் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். கை ஆடவில்லை. வானம் அப்படியே இருக்கிறது, தூண்கள் அப்படியே இருக்கின்றன. முதல் ஃபிரேமை முழுதாக எழுதிவிட்டு, அடுத்த ஃபிரேமில் "இந்த இடம் எல்லாம் முன்பு இருந்த மாதிரியேதான்" என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஏறக்குறைய செலவே இல்லை. இப்போது கப்பல் போவதற்காக நடுவில் இருக்கும் 72.5 மீட்டர் தூக்குப் பாலம் மேலே போகிறது. அதற்கும் பெரிய செலவில்லை. அந்தத் துண்டு உருமாறவில்லை, இடம்தான் மாறுகிறது. "இந்தக் கட்டம் இவ்வளவு மேலே நகர்ந்தது" என்று ஒரு வரி போதும். எச்.264 என்ற சுருக்கும் முறையில் படத்தை 16-க்கு 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து இப்படித்தான் கணக்கு எழுதுகிறார்கள். ஆனால் கீழே கடல் இருக்கிறதே, அதுதான் வில்லன். வெயிலில் மின்னும் ஒவ்வொரு அலையும் அடுத்த ஃபிரேமில் வேறு ஒன்று. முன்பு இருந்ததைக் காட்டி எழுத முடியாது, நகர்ந்தது என்றும் சொல்ல முடியாது, புதிதாக எழுத வேண்டும். கொடுத்த பிட்டில் முக்கால்வாசியைக் கடலே குடித்துவிடும். பிட் போதவில்லை என்றால் அலையின் நுணுக்கத்தை அழித்துவிட்டு ஒரு நிறத்தைத் தேய்த்து வைத்துவிடும்.

கேமில் கடலின் வேலையைப் புல் செய்கிறது. மழை, இலை, புகை, குண்டு வெடித்துச் சிதறும் துணுக்கு எல்லாம் அதே ஜாதி. வீட்டுக்குள் நின்று ஜன்னல் வழியாகக் குறி பார்க்கும் காட்சி 4 எம்பிபிஎஸ்ஸில் அழகாக இருக்கும். அதே ஆள் புல்வெளியில் படுத்து ஊர்ந்தால் 10 எம்பிபிஎஸ் கொடுத்தாலும் பற்றாது. அதனால்தான் "எந்த பிட்ரேட் நல்லது?" என்ற கேள்விக்கு ஒரே எண்ணாகப் பதில் சொல்ல முடியவில்லை. இதிலிருந்து ஒரு சின்னத் தந்திரமும் கிடைக்கிறது: கேம் செட்டிங்கிலேயே ஃபிலிம் கிரெயின் என்று ஒன்று இருந்தால் ரெக்கார்ட் செய்யும்போது அணைத்துவிடுங்கள். கிரெயின் என்பது ஒவ்வொரு ஃபிரேமிலும் வேண்டுமென்றே தூவும் மணல். அந்த மணலுக்கெல்லாம் நீங்கள் டேட்டா கட்ட வேண்டியதில்லை.

இப்போது போன். ஆண்ட்ராய்டு 11-இலிருந்து ஸ்கிரீன் ரெக்கார்டர் போனோடு சேர்ந்தே வருகிறது, வேறு ஆப் தேவையில்லை. நிறைய போன்களில் ரெக்கார்டர் செட்டிங்கில் ரெசல்யூஷனும் சிலவற்றில் பிட்ரேட்டும் மாற்றலாம். 1080பி-இல் இருந்து 720பி-க்கு இறக்கினால் புள்ளிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விடுகிறது, 9,21,600தான். உங்கள் வீடியோவை யார் பார்க்கப் போகிறார்கள்? முக்கால்வாசிப் பேர் ஆறு அங்குலப் போனில். அங்கே 12 எம்பிபிஎஸ்ஸில் எடுத்த நல்ல 720பி, பஞ்சத்தில் அடிபட்ட 1080பி-ஐ விட எப்போதும் சுத்தமாக இருக்கும். பிட்ரேட் போதாமல் ரெசல்யூஷனை மட்டும் உயர்த்தி வைப்பது ஒரு கிலோ மாவில் நூறு தோசை சுடப் பார்ப்பது மாதிரி.

சத்தம் பற்றி இரண்டு விஷயம். ரெக்கார்டரில் "மீடியா சவுண்ட்" அல்லது "இன்டர்னல் ஆடியோ" என்று ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். மைக் மட்டும் என்றால் ஸ்பீக்கர் சத்தத்தோடு மிக்ஸி, பக்கத்து வீட்டு டிவி எல்லாம் சேர்ந்து வரும். இரண்டாவது, நீங்கள் கேட்காத ஆனால் சீக்கிரம் கேட்கப் போகிற சந்தேகம்: ஸ்குவாடில் கூட ஆடுகிறவர்கள் பேசியது ஏன் பதிவாகவில்லை? ஆண்ட்ராய்டு கேம் சத்தத்தையும் பாட்டையும் பதிய விடும், ஆனால் போன்கால் போன்ற பேச்சை இன்னொரு ஆப் பதிவு செய்ய விடாது. வாய்ஸ் சாட் அந்தக் கணக்கில் போய்விடுவதால் வராது. போன் பழுதில்லை.

ரெக்கார்ட் தொடங்கும் முன் டூ நாட் டிஸ்டர்ப் போடுங்கள். இது தரத்துக்கு இல்லை, மானத்துக்கு. பேங்க் ஓடிபியும் அம்மாவின் மெசேஜும் மேலே எட்டிப் பார்த்த வீடியோவை ஏற்றிவிட்டு அப்புறம் அழித்த கதை எங்கள் வீட்டிலேயே உண்டு.

சூடு இன்னொரு பிரச்சினை. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில் நிற்க, பையன்கள் எல்லாம் போனில் இருப்பது அப்போதுதான். வெயில் கொளுத்துவதும் அப்போதுதான். கேம் ஓட்டுவது ஒரு வேலை, அதை அதே நேரத்தில் சுருக்கி எழுதுவது இன்னொரு வேலை. போன் சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளைவு, கேமும் திக்கும், ரெக்கார்டிங்கிலும் ஃபிரேம் விழும். தகர ஷெட்டுக்குள் உட்கார்ந்து சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடாதீர்கள். கவரைக் கழற்றிவிடுங்கள். 60 ஃபிரேமில் எடுப்பதை 30 ஆக்கினாலும் போனுக்கு மூச்சு வரும். மற்றபடி துப்பாக்கிச் சண்டைக்கும் கார் ரேஸுக்கும் 60 கண்ணுக்கு நன்றாகவே இருக்கும் என்பதை மறுக்க மாட்டேன். யூடியூப் பரிந்துரைக்கும் எண்களைப் பார்த்தால் விலை புரியும்: 1080பி-க்கு 30 ஃபிரேம் என்றால் 8 எம்பிபிஎஸ், 60 ஃபிரேம் என்றால் 12. 720பி-க்கு 5, 60 ஃபிரேமுக்கு 7.5. ஃபிரேம் இரண்டு மடங்கானாலும் எடை ஒன்றரை மடங்குதான் ஆகிறது. பக்கத்துப் பக்கத்து ஃபிரேம்கள் இன்னும் ஒரே மாதிரி இருப்பதால்.

சுருக்கும் வேலை எப்படியும் போனுக்குத்தான், ஆனால் ஃபைலை எழுதி வைக்கும் வேலையை லேப்டாப்புக்குத் தள்ள ஒரு வழி உண்டு. scrcpy என்ற இலவசக் கருவி, போனை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்துத் திரையை அங்கே காட்டும், அங்கேயே பதிவும் செய்யும். போனின் ஸ்டோரேஜ் நிரம்பாது, பிட்ரேட்டை நீங்களே சொல்லலாம். ஆண்ட்ராய்டு 11-இலிருந்து சத்தமும் வரும். கட்டளை தட்டிப் பழக வேண்டும் என்பதுதான் சங்கடம். நம் பக்கம் இன்னொரு சங்கடம் கேபிள். உப்புக்காற்றில் போர்ட்டும் பின்னும் பச்சை பிடித்து, நடுவில் தொடர்பு விட்டுப் போகும். நல்ல கேபிளை ஒரு டப்பாவில் மூடி வையுங்கள்.

லேப்டாப்புக்கு வருவோம். அவசரத்துக்கு விண்டோஸிலேயே கேம் பார் இருக்கிறது, விண்டோஸ் கீயையும் ஜி-யையும் சேர்த்து அழுத்தினால் வரும். ஆனால் உருப்படியாகச் செய்ய ஓபிஎஸ் ஸ்டுடியோ. இலவசம், வாட்டர்மார்க் கிடையாது, நேர வரம்பு கிடையாது. 2012-இலிருந்து இருக்கிறது. அதை அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை. இன்டெல் சிப்பாக இருந்து, 2011-க்குப் பிறகு வந்ததாக இருந்து, அதோடு இன்டெல் கிராபிக்ஸும் இருந்தால், குவிக் சிங்க் என்ற தனிப் பகுதி பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். வீடியோ சுருக்குவதற்கென்றே ஒதுக்கிய மூலை அது. ஓபிஎஸ்ஸில் என்கோடர் (சுருக்கும் கருவி) என்ற இடத்தில் எக்ஸ்264 என்ற மென்பொருள் இருந்தால் சுருக்கும் வேலை சிபியூ தலையில் விழும், கேம் திக்கும். அங்கே குவிக் சிங்க் எச்.264 என்று மாற்றுங்கள். கேம் ஓட்டம் கிட்டத்தட்ட பழையபடி இருக்கும். இதே மாதிரி என்விடியா கார்டில் ஒன்று, ஏஎம்டியில் ஒன்று இருக்கின்றன. பெயர்தான் வேறு. இந்த வன்பொருள் மூலை வேகமானது, ஆனால் கொஞ்சம் அவசரக்காரன்; அதே எடையில் நிதானமான எக்ஸ்264 கொடுக்கும் சுத்தத்தைத் தராது. அதனால் இங்கே பிட்டைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, ஆட்டம் முடிந்த பிறகு நிதானமாகச் சுருக்க வேண்டும். பிடித்த மீனைக் கடலிலேயே காய வைக்க மாட்டோம் அல்லவா? படகில் ஐஸ், கரையில் உப்பு.

ஓபிஎஸ்ஸின் சிம்பிள் மோடில் ரெக்கார்டிங் குவாலிட்டி என்று இருக்கும். "ஸ்ட்ரீமைப் போலவே" என்று இருப்பதை விட்டு "உயர்ந்த தரம், நடுத்தர ஃபைல்" என்பதற்கு மாற்றினால் உங்கள் தேவைக்குப் போதும். அதன் அர்த்தம், பிட்ரேட்டைப் பூட்டாமல் தரத்தைப் பூட்டுவது: புல் வந்தால் அதிகம் செலவழி, மெனு திரை வந்தால் சேமி. எதையும் வீசாமல் பதியும் "லாஸ்லெஸ்" என்பதை ஆர்வத்தில் தொட்டுவிடாதீர்கள், ஹார்ட் டிஸ்க் நிமிடக் கணக்கில் நிரம்பும். அவுட்புட் ரெசல்யூஷனை 720பி ஆக்குங்கள். மைக்கையும் கேம் சத்தத்தையும் தனித்தனி டிராக்கில் போடுங்கள். நாய் குரைத்தால் மைக் டிராக்கை மட்டும் அந்த இடத்தில் ஊமையாக்கலாம்.

அடுத்தது நான் அடிபட்டுக் கற்றது. ரெக்கார்டிங் ஃபார்மேட் என்ற இடத்தில் எம்பி4 வேண்டாம், எம்கேவி வையுங்கள். என் அக்கா மகன் ஐப்பசி மழையில் ஒருநாள் இரண்டு மணி நேரம் ஆடிப் பதிவு செய்தான். கடைசியில் கரண்ட் போனது. கடை யுபிஎஸ் பேட்டரியும் அன்றைக்குப் பார்த்துக் கைவிட்டது. கரண்ட் வந்து பார்த்தால் ஃபைல் இருக்கிறது, எடை இருக்கிறது, எந்த பிளேயரிலும் திறக்கவில்லை. காரணம், சாதாரண எம்பி4 தன் அட்டவணையை, எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை, ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதுதான் எழுதும். நிறுத்தும் முன் மூச்சு நின்றால் உள்ளே எல்லாம் இருந்தும் வழி தெரியாது. எம்கேவி போகப் போக எழுதிக்கொண்டே போகும். பாதியில் அறுந்தாலும் அதுவரை உள்ளது பிழைக்கும். அப்புறம் ஓபிஎஸ் மெனுவிலேயே "ரீமக்ஸ்" கொடுத்தால் சில விநாடியில் எம்பி4 ஆகிவிடும். அது மறுபடி சுருக்குவது இல்லை, பெட்டி மாற்றுவது மட்டும். தரம் ஒரு துளி குறையாது. ஓபிஎஸ்ஸின் புதிய பதிப்புகளில் ஹைப்ரிட் எம்பி4 என்று ஒன்றும் வந்திருக்கிறது, அதுவும் கரண்ட் போனால் தாங்கும். செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பின் பேட்டரியை நம்பி மட்டும் இருக்காதீர்கள்.

இப்போது உங்கள் கையில் பெரிய, நல்ல, ஈரமான மீன் இருக்கிறது. அடுத்த வேலை சுருக்குவது என்று நினைப்பீர்கள். இல்லை, வெட்டுவது. பத்து நிமிட மேட்ச்சில் ஆறு நிமிடம் நீங்கள் ஓடிக்கொண்டிருப்பீர்கள், பை தேடிக்கொண்டிருப்பீர்கள். அதை யார் பார்ப்பார்கள்? நான்கு நிமிடமாக வெட்டினால் 60 சதவீத எடை போய்விட்டது, ஒரு புள்ளி தரம் குறையவில்லை. "தரம் குறையாமல் சைஸ் குறைக்கிற" சாஃப்ட்வேர் கேட்டீர்களே, அதற்கு நெருங்கி வருவது இந்தக் கத்தரிக்கோல்தான். லாஸ்லெஸ்கட் என்ற இலவசக் கருவி மறுபடி சுருக்காமலே வெட்டித் தரும். ஒரு விஷயம், அது நீங்கள் சொன்ன விநாடியில் துல்லியமாக வெட்டாது; முழுதாக எழுதிய ஃபிரேம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் தொடங்க முடியும். நடுவில் உள்ள ஃபிரேம்கள் எல்லாம் "முன்பு இருந்த மாதிரியே" என்று சொல்பவை, முன்பு இருந்ததை வெட்டிவிட்டால் எதைப் பார்த்துச் சொல்லும்? ஒன்றிரண்டு விநாடி முன்னே பின்னே வரும், கண்டுகொள்ளாதீர்கள்.

வெட்டிய பிறகு சுருக்க ஹேண்ட்பிரேக் என்ற கருவி. இதுவும் இலவசம். உள்ளே போனால் நூறு பொத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். வீடியோ பக்கத்தில் எக்ஸ்264, கான்ஸ்டன்ட் குவாலிட்டி. அங்கே ஆர்எஃப் என்று ஒரு எண் இருக்கும்; அது குறையக் குறையத் தரம் கூடும், எடையும் கூடும். ஆறு எண் இறக்கினால் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகும், ஆறு எண் ஏற்றினால் பாதியாகும். 18 என்றால் மூலத்திலிருந்து பிரித்துச் சொல்வது கஷ்டம். 23 என்பது எக்ஸ்264 தானாக வைத்துக்கொள்ளும் எண். யூடியூபுக்கு 20, 21 வையுங்கள். 28-க்குப் போனால் புல் பாசியாகிவிடும். பிரீசெட் என்ற கம்பியை "ஸ்லோ" பக்கம் தள்ளுங்கள். அதிக நேரம் எடுக்கும், ஆனால் அதே தரத்துக்கு ஃபைல் சிறியதாகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம், லேப்டாப்பின் நேரத்துக்கு டேட்டா பேக் விலை கிடையாது.

அதே பக்கத்தில் ஃபிரேம் ரேட்டை "கான்ஸ்டன்ட்" ஆக்குங்கள். போன் ரெக்கார்டர்கள் ஃபிரேமைச் சீராக எடுக்காது. திரை அசையாதபோது குறைத்து, அசைந்தால் கூட்டி எடுக்கும். எடிட்டிங் ஆப்பில் போட்டால் முதல் நிமிடத்தில் சரியாக இருக்கும் துப்பாக்கிச் சத்தம் எட்டாவது நிமிடத்தில் சுட்ட பிறகு கேட்பது இதனால்தான். எடிட் செய்யும் முன்பே இந்த மாற்றத்தைச் செய்வதாக இருந்தால் எண்ணை 16, 17 என்று தாராளமாக வையுங்கள், ஏனென்றால் எடிட்டர் இன்னொரு முறை சுருக்கும்.

இங்கேதான் நிறையப் பேர் கெடுக்கிறார்கள். போனில் எடுத்து, வாட்ஸ்அப்பில் நண்பனுக்கு அனுப்பி, அவன் எடிட்டிங் ஆப்பில் பாட்டு சேர்த்துத் திரும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதை "கம்ப்ரஸர்" ஆப்பில் போட்டு, கடைசியில் யூடியூபில் ஏற்றுகிறார்கள். ஐந்து முறை உப்புப் போட்டாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் முந்தைய சுருக்கம் விட்டுவைத்த கட்டத் தழும்புகளையும் சேர்த்து, அவையும் படம்தான் என்று நினைத்து, அவற்றுக்கும் பிட் செலவழிக்கும். எடிட்டிங் ஆப்பில் எக்ஸ்போர்ட் செய்வதே ஒரு சுருக்கம். அதில் பிட்ரேட்டைச் சரியாக வைத்தால் ஹேண்ட்பிரேக்கே தேவையில்லை. மூல ஃபைலை நண்பனிடம் கொடுக்க ஒரு பென்டிரைவும் பஸ்ஸும் போதும். தங்கச்சிமடத்திலிருந்து பாம்பனுக்கு அப்லோடை விட வேகமாகப் போய்ச் சேரும்.

எச்.265 பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2013-இல் வந்த முறை, அதே தரத்துக்கு எச்.264-ஐ விட நன்றாகவே எடை குறையும். லேப்டாப்பில் சேமித்து வைக்கவும், டேட்டா குறைவாக இருக்கும் நாளில் யூடியூபுக்கு ஏற்றவும் நல்லது. ஆனால் நண்பர்களுக்கு நேரடியாக அனுப்பாதீர்கள், பழைய போனில் சத்தம் மட்டும் வந்து படம் கறுப்பாக நிற்கும். ஏவி1 இன்னும் சிக்கனம், 2018-இல் வந்தது, உரிமக் கட்டணம் இல்லாத முறை. உங்கள் லேப்டாப்பில் அதைச் செய்யச் சொன்னால் விடிந்துவிடும். இப்போதைக்கு விடுங்கள்.

வாட்ஸ்அப் விஷயம் தனி. கேலரியிலிருந்து வீடியோவாக அனுப்பினால் அது தன் இஷ்டத்துக்குச் சுருக்கும். "டாக்குமென்ட்" என்று இணைத்து அனுப்பினால் தொடாது, 2 ஜிபி வரை போகும். ஆனால் வாங்குகிறவருக்கும் டேட்டா என்று ஒன்று இருக்கிறதே. இரண்டு நிமிடத் துண்டை 16 எம்பிக்குள் அடக்க வேண்டும் என்று வையுங்கள். கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: 16-ஐ எட்டால் பெருக்கினால் 128 மெகாபிட், 120 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு சுமார் 1,060 கிலோபிட். சத்தத்துக்கு 96 ஒதுக்கி, கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டால் படத்துக்கு 900 கிலோபிட். இப்படி எடை முதலிலேயே முடிவான இடத்தில் மட்டும் ஹேண்ட்பிரேக்கில் தரத்தைப் பூட்டாமல் சராசரி பிட்ரேட்டைப் பூட்டுங்கள், இரண்டு முறை ஓடவிடும் வசதியையும் டிக் செய்யுங்கள். முதல் ஓட்டத்தில் எங்கே புல், எங்கே சுவர் என்று பார்த்துக்கொள்ளும், இரண்டாவதில் பங்கு பிரிக்கும். 900 கிலோபிட்டில் 480பி, 30 ஃபிரேம் என்று இறக்குங்கள். சின்னதாக இருந்தாலும் தெளிவாக இருக்கும்.

யூடியூப் நீங்கள் எதை ஏற்றினாலும் மறுபடி தன் முறையில் சுருக்கும், தப்பவே முடியாது. ஏற்றிய உடன் பார்த்துவிட்டு அழாதீர்கள்; முதலில் மங்கலான பதிப்பு வரும், எச்டி பதிப்பு தயாராகக் கொஞ்ச நேரம் ஆகும். புல்வெளிச் சாயத்துக்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு: 1080பி வீடியோவை 1440பி ஆகப் பெரிதாக்கி ஏற்றுவது. அந்த அளவுக்கு யூடியூப் விபி9 என்ற மேலான முறையையும் அதிக பிட்டையும் ஒதுக்குகிறது, சின்ன சேனல்களின் 1080பி-க்குப் பெரும்பாலும் அது கிடைப்பதில்லை. திரை ஓரத்தில் சிவப்பில் எழுதிய சின்ன எழுத்துகள் கசிந்து தெரிவதும் இதில் குறையும். சாதாரண வீடியோவில் நான்கு புள்ளிக்கு ஒரு நிறம் என்றுதான் எழுதி வைக்கிறார்கள், பெரிதாக்கினால் நிறத்துக்கும் இடம் கிடைக்கிறது. ஆனால் ஏற்ற வேண்டிய எடை கூடும். உங்கள் 2 ஜிபிக்கு இது ஆடம்பரம். வீட்டில் ஃபைபர் இருக்கும் நண்பன் இருந்தால் அவன் வீட்டில் போய் ஏற்றுங்கள்.

ஆக உங்களுக்கு: 720பி, 60 ஃபிரேம், 7.5 எம்பிபிஎஸ் அளவுக்கு வருமாறு சுருக்கினால் பத்து நிமிடம் 560 எம்பி. 30 ஃபிரேமில் 5 எம்பிபிஎஸ் என்றால் 375 எம்பி. வெட்டி ஆறு நிமிடம் ஆக்கினால் 225. அப்லோட் 2 எம்பிபிஎஸ் கிடைத்தாலும் கால் மணி நேரத்தில் போய்விடும். காலை எழுந்ததும் டேட்டா புதிதாக இருக்கும்போது ஏற்றுங்கள். நாள் கோட்டா தீர்ந்து 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழுந்த பிறகு அந்த 225 எம்பியை ஏற்ற முயன்றால் ஏழரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். டவர் நன்றாக எடுக்கிறது என்று தனுஷ்கோடி பக்கம் பைக்கை எடுத்துக்கொண்டும் போகாதீர்கள். அரிச்சல்முனையில் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளலாம், ரோமிங் கணக்கில் போய் நிற்கலாம். சேனலுக்கு போன் நம்பர் வெரிஃபை செய்யவில்லை என்றால் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற விடாது, அதையும் முடித்துவிடுங்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் காப்பிரைட் கிளெய்ம் வரலாம், இவ்வளவு டேட்டாவைச் செலவழித்து ஏற்றியது வீணாகலாம்.

முழு மேட்ச்சையும் பதிவு செய்யும் முன் ஒரு நிமிடம் மட்டும் சோதித்துப் பாருங்கள். சுவருக்குப் பக்கத்தில் நின்று சோதிக்காதீர்கள். புல் அதிகமாக இருக்கும் இடத்தில் படுத்து, நாலா பக்கமும் வேகமாகத் திரும்புங்கள், ஒரு புகைக்குண்டும் போடுங்கள். அதை 20, 23, 26 என்று மூன்று எண்ணில் சுருக்கி, எது எந்த எண் என்று சொல்லாமல் தம்பி தங்கை யாரிடமாவது அவர்கள் போனிலேயே காட்டுங்கள். எங்கே முகம் சுளிக்கிறார்களோ அதற்கு முந்தைய எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். ஓபிஎஸ்ஸில் என்கோடர் பட்டியலில் குவிக் சிங்க் தென்படவே இல்லை என்றால் பெரும்பாலும் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர் பழையது. லேப்டாப் மாடல் எண்ணோடு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.